அமெரிக்க வைத்தியப் பயிற்சியும் சிபாரிசுக் கடிதமும்

எமது கல்லூரியின் விஞ்ஞான வகுப்புகளிற் கற்று, வைத்திய பீடங்களிற் புகுந்து பட்டம் பெற்ற இளைஞருள், மேற்பயிற்சியின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளை நோக்குவோர் சிலர் ஒவ்வோர் ஆண்டும் உளர். யாழ்ப்பாணத்துக்கும் அமெரிக்க வைத்தியருக்கும் உள்ள உறவு புதியதன்று. 1847 ஆம் ஆண்டு இங்கு வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து எம்மவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். அன்று ஆசிரியர் கடல் கடந்து வந்தார். இன்று மாணாக்கர் கடல் கடக்கின்றனர்.

அவ்வாறு செல்ல விரும்புவோருள் ஒருவராயினும் ஆண்டுதோறும் எமக்கு எழுதுவர். பரீட்சையைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. பரீட்சை எழுதுவதில் எம்மவர்க்குப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டியது யாதுமில்லை. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: "சேர், கடிதம் ஆரிட்டை வாங்கிறது?"

இக்கேள்விக்கு ஒருமுறை மிகத் தவறான விடையை யாமே அளித்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். கடிதத்தின் இடம் எதுவென்று அறிதற்கு முதலில் அந்நாட்டு முறையை அறிதல் வேண்டும்.

எம் நாட்டிற் பட்டப்பின் வைத்தியப் பயிற்சிக்கு வாயில் பரீட்சையே. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் பரீட்சைகளில் வரிசையிலே முன்னிற்பவர் உள்ளே செல்வர். அத்தெரிவிலே கடிதத்துக்குப் பேரிடம் இல்லை. அமெரிக்காவிலோ இப்பயிற்சிக்கு றெசிடென்சி என்று பெயர். பொது வைத்தியத்துக்கு மூன்று ஆண்டு. பொதுச் சத்திரசிகிச்சைக்கு ஐந்து ஆண்டு. பிறநாட்டுப் பட்டதாரிகள் யூ.எஸ்.எம்.எல்.ஈ. பரீட்சைகளிற் சித்தியெய்தி, 1956 இல் நிறுவப்பட்ட ஈ.சி.எவ்.எம்.ஜி. என்னும் நிறுவனத்தின் அத்தாட்சியையும் பெற்றாலன்றி அப்பயிற்சியிற் சேர முடியாது. விண்ணப்பங்கள் பெரும்பாலான துறைகளில் ஈராஸ் எனப்படும் கணினி முறை வழியாகச் செல்கின்றன. அதனை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். மகப்பேற்றுத் துறையினர் 2024 இல் வேறொரு முறைக்கு மாறிவிட்டனர். ஆதலின் தத்தம் துறை எம்முறையைக் கையாள்கின்றது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்ளல் நன்று.

செப்டெம்பரில் விண்ணப்பம், மாரிகாலம் முழுவதும் நேர்முகம், அதன்பின் வைத்தியசாலைகள் தாம் விரும்பும் வைத்தியரையும், வைத்தியர் தாம் விரும்பும் வைத்தியசாலைகளையும் வரிசைப்படுத்தி அனுப்புவர். இரு வரிசைகளையும் கணினி ஒப்புநோக்கி இணைக்கும். மாட்ச் எனப்படும் இவ்வேற்பாடு 1952 இலிருந்து நடைபெறுகின்றது. அதன் கணக்கைப் பிற்காலத்திற் திருத்தியமைத்த அல்வின் றொத் என்பார், இத்தகைய பொருத்தங்களின் கணிதத்தை ஆராய்ந்த லொயிட் ஷாப்லியுடன் 2012 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மார்ச் மாதத்து மூன்றாம் வாரத்தில் முடிவு வரும். 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கக் குடியுரிமையற்ற பிறநாட்டுப் பட்டதாரிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேருக்கே இடங் கிடைத்தது. மற்றையோருட் பெரும்பாலோர் அடுத்த செப்டெம்பர்வரை காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும் ஆண்டுக்குச் செலவும் உண்டு, மனத்தளர்ச்சியும் உண்டு, பட்டம் பெற்று ஓராண்டு கூடுதலாகக் கழிந்துவிட்டது என்ற குறையும் உண்டு.

இத்தெரிவிற் கடிதத்தின் கனம் அண்மையிற் கூடியிருக்கின்றது என்பது எமது கணிப்பு. 2022 சனவரி வரை யூ.எஸ்.எம்.எல்.ஈ. முதற்படிப் பரீட்சைக்கு மூன்றிலக்கப் புள்ளி வழங்கப்பட்டது. எம்மவர் அப்புள்ளியையே படைக்கலமாகக் கொண்டிருந்தனர். அம்மாதத்திலிருந்து அப்பரீட்சைக்குச் சித்தி அல்லது சித்தியின்மை என்ற இரண்டே முடிவுகள். இரண்டாம் படிக்குப் புள்ளி இன்றும் உண்டெனினும், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டும் பயிற்சித் திட்டப் பணிப்பாளர் ஒருவனை மற்றொருவனிலிருந்து பிரித்தறிய முன்னையினும் அதிகமாகக் கடிதங்களை நோக்குகின்றார். ஒரு திட்டத்துக்கு நான்கு கடிதங்கள்வரை அனுப்பலாம். மூன்று வேண்டும் என்போரே பலர்.

இனி, அக்கடிதம் யாது என்பதைக் கூறவேண்டும். எம்மவர் தவறுவது இவ்விடத்திலேதான்.

எம்மில் ஒவ்வொருவரும் கல்லூரியை விட்டு நீங்கும்போது அதிபரின் கையொப்பத்தோடு ஒரு நற்சான்றுப் பத்திரம் பெற்றோம். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை கற்றார், நன்னடத்தை உடையவர், விளையாட்டிலும் ஈடுபட்டார், இவர் முயற்சிகள் யாவும் வெற்றி பெறுக என்று அஃது அமையும். அதனை எவரும் குறைகூறார். அப்பத்திரத்தின் வலிமை சொற்களிலே இல்லை. அதிபரின் பெயரிலும் கல்லூரியின் முத்திரையிலுமே உளது. ஆதலின் எம் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது: கடிதத்தின் கனம் கையொப்பத்தின் கனம். கையொப்பம் எத்துணைப் பெரியதோ, கடிதம் அத்துணைச் சிறந்தது. இவ்வெண்ணத்தோடு எம் இளைஞர் பேராசிரியரையும் பீடாதிபதியையும் நாடுகின்றனர். கோயில் தர்மகர்த்தாவிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கடிதம் பெற்று வந்தோரையும் யாம் கண்டிருக்கின்றோம்.

அமெரிக்கர் கேட்பது நற்சான்று அன்று, சாட்சியம். நீதிமன்றத்திலே சாட்சியாக ஏறுபவர் பெருமகனாராய் இருத்தல் போதாது. சம்பவத்தைக் கண்ணாற் கண்டவராய் இருத்தல் வேண்டும். இவ்வைத்தியர் நள்ளிரவில் எவ்வாறு வேலை செய்தார், அறியாததை அறியேன் என்றாரா, தாதியரிடம் எவ்வாறு பேசினார், தவறியபோது என்ன செய்தார், சென்ற ஆறு மாதத்தில் வளர்ந்தாரா என்பனவே அக்கடிதத்திற் தேடப்படுவன. இவற்றை அறிந்தவர் எழுதினாலன்றி இவை கடிதத்தில் வரமாட்டா.

இதனோடு மொழிச் சிக்கல் ஒன்றும் உளது. எம் நாட்டு வைத்திய நிபுணருட் பலர் ஆங்கிலேய மரபிற் பழகியவர். புகழ்ச்சியிற் சிக்கனம் உடையவர். 'திறமையும் பொறுப்பும் உள்ள வைத்தியர்' என்று அவர் ஒருவரை எழுதிவிட்டால், இலண்டனிலும் கொழும்பிலும் அது பெரும் பாராட்டு. அதே வாக்கியத்தை அமெரிக்கர் ஒருவர் படித்தால், சொல்வதற்கு வேறொன்றும் இல்லைபோலும் என்று எண்ணித் தாளைத் திருப்பிவிடுவார். 'நேரந்தவறாதவர்', 'இனிய சுபாவம் உடையவர்', 'இட்ட வேலையைச் செய்பவர்' ஆகிய சொற்றொடர்கள் அந்நாட்டு வாசகருக்குப் புகழாகத் தோன்றா, குறையாகவே தோன்றும். கடைசி வாக்கியத்தை அவர் மிகக் கவனித்துப் படிப்பார். 'சிபாரிசு செய்கின்றேன்' என்பது ஒன்று. 'எவ்வித ஐயமுமின்றிச் சிபாரிசு செய்கின்றேன்' என்பது மற்றொன்று. 'எமது வைத்தியசாலையிலேயே இவரை வைத்துக்கொள்ள விரும்புகின்றோம்' என்பது இரண்டினும் மேலானது. இது மிகைதான். எமக்கும் இப்பழக்கம் இன்றுவரை முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் நாணய மாற்று விகிதம் தெரியாமற் பிறநாட்டுக் கடைத்தெருவுக்குச் செல்லல் ஆகாது.

அவர்கள் விரும்புவது யாதென்பதற்கு அவசர சிகிச்சைத் துறையினர் 1990களில் வகுத்த படிவம் நல்ல சான்று. கடிதம் எழுதுபவர் விண்ணப்பதாரியை எத்துணைக் காலம், எவ்வகையில் அறிவார் என்று அது முதலிற் கேட்கும். பின்னர், தம்மிடம் பயின்றோருள் இவர் முதற் பத்து விழுக்காட்டில் நிற்பவரா, மேல் மூன்றிலொரு பங்கினரா, நடுப் பங்கினரா, கீழ்ப் பங்கினரா என்று குறிக்கச் சொல்லும். மற்றத் துறைக் கடிதங்களிலும் வாசகர் தேடுவது இந்த ஒப்பீட்டையே. பலரைப் பயிற்றியவராலன்றி ஒப்பிட இயலாது. ஒருவரை நெருங்கிக் காணாதவராலும் இயலாது.

ஈண்டு யாம் கண்ட ஒன்றைக் கூறுதல் தகும். விவரங்களைச் சிறிது மாற்றியே கூறுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க உள்நாட்டு வைத்தியசாலை ஒன்றின் தெரிவுக் குழுவில் இருந்தோம். எம் நாட்டவர் இருவரின் விண்ணப்பங்கள் ஒரே நாளில் மேசைக்கு வந்தன. முதல்வருக்குப் புள்ளிகள் மிக உயர்ந்தவை. அவருக்குக் கடிதந் தந்தவர் பட்டங்கள் ஒரு வரி முழுவதும் நீண்ட பேராசிரியர். கடிதமோ நான்கு வாக்கியம். அவற்றுள் இரண்டு, திகதிகள். மற்றவரின் புள்ளிகள் நடுத்தரமானவை. அவருக்கு எழுதியவர் ஓர் ஆதார வைத்தியசாலையின் இளம் நிபுணர். பெயரை அக்குழுவில் எவரும் கேட்டதில்லை. கடிதம் ஒன்றரைப் பக்கம்.

அதில் ஒரு பந்தி இன்றும் எம் நினைவில் உண்டு. விடியற்காலையில் ஒரு சிறுவனை வயிற்றுவலி என்று கொண்டுவந்தனராம். நிலத்திற் பாய் விரித்து உறங்கிய பிள்ளை. காயம் எதுவும் இல்லை. பாம்பைக் கண்டார் எவரும் இல்லை. வயிற்று நோய்க்கு மருந்து எழுதியாயிற்று. உள்ளகப் பயிற்சி வைத்தியராயிருந்த இவ்விளைஞர் மட்டும் பிள்ளையின் இமைகள் சிறிது சரிந்திருப்பதைக் கண்டு, நித்திரைக் கலக்கம் என்று தாய் கூறியதை ஏற்காமல், மேலே பார்க்கச் சொல்லிச் சோதித்து, விரியன் தீண்டலாக இருக்கலாம் என்று ஐயுற்று நிபுணரை வீட்டிலிருந்து எழுப்பினார். எழுப்பியதற்கு மன்னிப்பும் கேட்டாராம். மூச்சுத் தளரத் தொடங்குமுன் செயற்கைச் சுவாசத்துக்கு வேண்டியன ஆயத்தமாயின. பிள்ளை பிழைத்தான். நிபுணர் எழுதியிருந்தார்: தாம் பயிற்றியவருள் இதனைக் கண்டிருக்கக்கூடியவர் மூவருக்கு மேல் இரார் என்று. எங்கள் மேசையிலிருந்த எவரும் அப்பாம்பைக் கண்டதில்லை. ஆயினும் அந்த விடியற்காலையை அனைவரும் கண்டுவிட்டோம். நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர் அவரே.

நான்கு வாக்கியக் கடிதத்தோடு வந்தவர் குறைந்தவர் அல்லர் என்பதே இதிற் துயரம். அவரும் எங்கோ ஒரு வாட்டில் ஆறு மாதம் இராப்பகல் நின்றிருப்பார். அவரைக் கண்ட நிபுணர் ஒருவரும் இருந்திருப்பார். அவரிடங் கேட்க இவருக்குத் தோன்றவில்லை.

எம் நாட்டுப் பட்டதாரிக்கு இவ்வகையில் ஒரு பெருஞ்செல்வம் உளது. அதனை அவர் அறியார். உள்ளகப் பயிற்சி ஓராண்டில் அவர் இரு நிபுணரின் கீழ் ஆறு ஆறு மாதமாக வேலை செய்கின்றார். அமெரிக்க மாணாக்கன் ஒரு வாட்டில் நான்கு கிழமை அல்லது எட்டுக் கிழமை நின்றுவிட்டுக் கடிதங் கேட்கின்றான். ஆறு மாதம், அதுவும் பொறுப்புள்ள வைத்தியராக, ஒருவரை நாள்தோறும் கண்ட சாட்சி அங்கு எளிதிற் கிடையாது. அந்நிபுணர் யாழ்ப்பாணத்துப் போதனா வைத்தியசாலையில் இருந்தாலென்ன, மன்னாரிலோ வவுனியாவிலோ இருந்தாலென்ன?

ஆயினும் உள்ளூர்க் கடிதங்களே போதும் என்று யாம் சொல்ல வரவில்லை. தம் நாட்டு வாட்டுகளில் இவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை அறிய அமெரிக்கர் விரும்புவது இயல்பே. பல திட்டங்கள் அமெரிக்க வைத்தியர் ஒருவரின் கடிதமாயினும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கின்றன. ஆதலின் வைத்திய பீடத்தில் மாணாக்கனாய் இருக்கும்போதே அந்நாட்டு வைத்தியசாலை ஒன்றில் விருப்பப் பயிற்சியாகச் சில கிழமை நிற்க வசதியுள்ளவர் அதனைச் செய்க. மாணாக்கனுக்கு நோயாளியைத் தொட்டுச் சோதிக்க இடமுண்டு. பட்டம் பெற்றபின் சென்றால் பெரும்பாலும் பார்வையாளராகவே நிற்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பவரைப் பற்றி எவர் என்ன எழுத முடியும்? அவ்வாறு நிற்க நேர்ந்தாலும் வாய் திறந்து கேளுங்கள். இரவிற் படித்து வந்து மறுநாள் பேசுங்கள். அனுமதித்தால் ஒரு நோயைப் பற்றி வைத்தியர் கூட்டத்தில் உரை நிகழ்த்துங்கள். எழுதுபவருக்கு எழுதப் பொருள் வேண்டும்.

இப்பொழுது எமது தவற்றைக் கூறுவோம். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவரின் மகன் யாம் வேலை பார்த்த இடத்துக்குப் பார்வையாளனாக வந்தான். இரண்டு கிழமை நின்றான். அவ்விரு கிழமையில் யாம் விடுமுறையில் நின்ற நாட்களும் உண்டு. போகும்போது, "அங்கிள், கடிதம் ஒண்டு தருவியளோ? ஊரிலை எங்கடை வாட்டு நிபுணர் தாறன் எண்டவர். அதைப் போடுறதோ, உங்கடையைப் போடுறதோ?" என்று கேட்டான். அமெரிக்கக் கடிதமே கனம் என்று யாம் கூறினோம். அரைப் பக்கம் எழுதினோம். நற்குடிப் பிறப்பு, நற்பண்பு, புகழ்வாய்ந்த கல்லூரி, நேரந்தவறாமை யாவும் அதில் இருந்தன. நண்பரின் முகத்தை நினைந்து மனமார எழுதினோம். பையன் ஊர்க் கடிதத்தை விட்டுவிட்டு எமது கடிதத்தை எல்லாத் திட்டங்களுக்கும் அனுப்பினான்.

அவ்வாண்டு அவனுக்கு ஒரே ஒரு நேர்முகம் வந்தது, இடம் வரவில்லை. கடிதமே காரணம் என்று துணிந்து கூறுதற்கில்லை. ஆயிரங் காரணம் இருக்கலாம். ஆனால் வேறொரு வைத்தியசாலையிற் தெரிவுக் குழுவில் இருந்த பழைய தோழர் ஒருவர் பின்னொரு நாள் எம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உமது கடிதத்தைப் படித்தேன். உமக்கு அவன் தகப்பனை மிகவும் பிடிக்கும் என்பது தெரிந்தது." அச்சிரிப்பு எமக்கு நெடுநாள் உறுத்திற்று.

இக்கதையை எம் போன்ற பழைய மாணவரின் பொருட்டே எழுதுகின்றோம். கல்லூரிப் பற்று நல்லது. அதனால் விடுதிகள் கட்டினோம், விளையாட்டிடம் திருத்தினோம். ஆனால் 'எங்கடை கல்லூரிப் பொடியன்' என்பது சாட்சியம் ஆகாது. நன்கு அறியாத ஒருவனுக்கு, 'உன் வேலையை யான் போதியளவு காணவில்லை, கண்டவரிடம் கேள், வேறு உதவி வேண்டின் செய்வேன்' என்று கூறுதலே அவனுக்குச் செய்யும் உபகாரம். அவன் தன் விண்ணப்பத்தோடு எழுதும் தன்னுரையைத் திருத்திக்கொடுக்கலாம், நேர்முகத்துக்குப் பயிற்சியளிக்கலாம், தங்க இடம் கொடுக்கலாம்.

கேட்கும் முறையிலும் ஒரு தடை உளது. அந்நாட்டு மாணாக்கன் ஆசிரியரை நோக்கி, 'எனக்கு வலுவான கடிதம் எழுத உங்களால் இயலுமா?' என்று நேரே கேட்பான். எழுத இயலாதவர், இயலாது என்பார். இருவர்க்கும் மனத்தாங்கல் இல்லை. எம்மிடையே குருவை நோக்கி இவ்வாறு கேட்டல் துடுக்கு. கேட்டாலும், இல்லை என்று சொல்ல எம் ஆசிரியருக்கு வாய் வராது. ஆதலின் கேள்வியைத் திருப்பிக் கேட்குமாறு எம் இளைஞருக்குச் சொல்லி வருகின்றோம்: 'சேர், என்னுடைய வேலையை நீங்கள் கண்டளவு கடிதம் எழுதப் போதுமோ, அல்லது வேறு ஆரையும் கேட்கிறது நல்லதோ?' பெரியவர் நழுவ விரும்பினால் இதில் அவருக்கு வழி உண்டு. 'பாப்பம்', 'பிறகு வாரும்', 'அவரையும் ஒருக்காக் கேட்டுப் பாரும்' என்ற விடைகள் வந்தால் வணங்கி விலகுக. மறுமுறை போய் வற்புறுத்திப் பெறும் கடிதம் பெறாத கடிதத்தினுங் கேடு.

இசைந்தவரிடம் வெறுங்கையோடு செல்லற்க. விண்ணப்பிக்கும் துறை எது, ஏன் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். தன்விவரக் குறிப்பையும் கொடுங்கள். அவரோடு சேர்ந்து பார்த்த நோயாளர் மூவர் நால்வரை, பெயர் சுட்டாமல், நினைவூட்டுங்கள். ஆண்டுக்குப் பல உள்ளகப் பயிற்சி வைத்தியரைக் காணும் நிபுணர் உங்கள் இரவுகளை மறந்திருப்பார். அமெரிக்க வாசகர் ஒப்பீட்டையும் நிகழ்ச்சியையும் எதிர்பார்ப்பர் என்பதையும் பணிவாகக் கூறலாம். பலர் இதனை அறிந்தால் மகிழ்ந்தே எழுதுவர். செப்டெம்பருக்கு வேண்டிய கடிதத்தை யூன் மாதத்திலேயே கேளுங்கள். நிபுணர் பணிமாற்றம் பெற்றுச் செல்வதும், வெளிநாடு போவதும், கணினி நுழைவிற் தடுமாறுவதும் நடப்பனவே. கடிதத்தை விண்ணப்பதாரி கையில் வாங்குவதில்லை. அவர் அனுப்பும் வேண்டுகைப் படிவத்தைக் கொண்டு, எழுதியவர் தாமே ஈராஸ் தளத்தில் ஏற்றவேண்டும். வைத்தியசாலையின் பெயர்த்தாளும் கையொப்பமும் இன்றியமையாதன.

விண்ணப்பிக்கும் துறையைச் சேர்ந்தவரின் கடிதம் இரண்டாயினும் இருத்தல் நன்று. குழந்தை வைத்தியத்துக்கு விண்ணப்பிப்பவர் மூன்று சத்திரசிகிச்சை நிபுணரின் கடிதங்களோடு சென்றால், உண்மை விருப்பம் எதுவென்ற ஐயம் எழும். சில துறைகள் தமக்கென்று படிவமோ துறைத் தலைவரின் கடிதமோ கேட்கும். அவற்றை முன்கூட்டியே பார்க்க. உறவினர் எழுதல் ஆகாது. பழைய கடிதத்தினும் அண்மைக் கடிதம் மேல். ஜே-1 விசாவின் பொருட்டு எம் சுகாதார அமைச்சிடம் பெறவேண்டிய பத்திரம் வேறு. அதனை இவற்றோடு குழப்பற்க.

எம் நாட்டிற் பரவிய ஒரு பழக்கத்தைக் கண்டியாமல் விடுதற்கில்லை. "நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையொப்பம் வைக்கிறன்" என்பார் சிலர். வேலைப்பளுவினாற் சொல்வது, தீய எண்ணம் அன்று. ஆனால் தன்னைத் தானே புகழ்ந்து எழுதும் இளைஞன் பிறர் கண்ணால் தன்னைக் காண வல்லனல்லன். மூன்று கடிதங்களும் ஒரே நடையில், ஒரே அடைமொழிகளோடு அமைந்திருப்பதைத் தெரிவுக் குழுவினர் எளிதிற் கண்டுகொள்வர். இக்காலத்திற் கணினியைக் கொண்டே எழுதுவித்த கடிதங்கள் இன்னும் எளிதிற் தெரிகின்றன. பளபளப்பு மிகுதி, நோயாளி எவரும் இல்லை. போலிப் பத்திரம் என்று உறுதியானால் ஈ.சி.எவ்.எம்.ஜி. கடுமையாக நடவடிக்கை எடுக்கும். அது வாழ்நாள் முழுவதும் பின்தொடரும். அத்தகைய நிபுணரிடம், 'சேர், குறிப்பு மட்டும் தாறன். நீங்கள் சொன்னால் எழுத்துவேலைக்கு உதவி செய்ய ஆரும் இருக்கினமோ?' என்று கேட்கலாம். அதற்கும் இசையாவிடின் வேறொருவரை நாடுக.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதா என்ற வினாவும் விண்ணப்பத்தில் உண்டு. மாணாக்கர் தம்மைப் பற்றிய பதிவுகளைக் காணும் உரிமையை 1974 இல் ஓர் அமெரிக்கச் சட்டம் வழங்கிற்று. அவ்வுரிமையைத் தாமாக விட்டுக்கொடுக்கவும் இடமுண்டு. விட்டுக்கொடுங்கள். கொடாதவரின் கடிதத்தை, எழுதியவர் அஞ்சி எழுதினார் என்றே வாசகர் கொள்வர். என்ன எழுதுவாரோ என்று அஞ்ச வேண்டிய ஒருவரிடம் முதலிற் கேட்டதே பிழை.

எழுதும் நிபுணராக உள்ள எம் சங்கத்தினருக்கு இன்னுமொன்று. பெண் வைத்தியருக்கும் நீங்கள் எழுதுகின்றீர்கள். பிரான்செஸ் திரிக்ஸ், கரலைன் சென்கா என்னும் இருவர் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்க வைத்தியக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பதவிக்கு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களை எண்ணி நோக்கிற்று. பெண்களுக்கு எழுதியவை குறுகியவை. ஐயம் எழுப்பும் சொற்களும் அவற்றில் அதிகம். எழுதியோர் தாம் அவ்வாறு எழுதுவதை உணர்ந்திருக்க மாட்டார். எமது பழைய கடிதங்களை அதன்பின் எடுத்துப் பார்த்தோம். ஆண்பிள்ளைகளைக் கூர்மதியர் என்றும் பெண்பிள்ளைகளை அன்புள்ளவர் என்றும் எழுதியிருந்தோம். அப்பெண்பிள்ளைகளுள் ஒருவர் கூர்மதியிலும் எம்மை விஞ்சியவர்.

நண்பரின் மகனைப் பற்றிக் கேட்பீர்கள். மறு ஆண்டு எமது கடிதத்தை நீக்கிவிடுமாறு யாமே சொன்னோம். அவன் ஊர் நிபுணருக்கு எழுதினான். அவர் அதற்குள் வேறு வைத்தியசாலைக்கு மாற்றலாகியிருந்தார். இணையத் தளத்திற் கடிதம் ஏற்றி அவருக்குப் பழக்கமும் இல்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்ற எமது வகுப்புத் தோழர் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்று, கணினி முன் அவரோடு இருந்து நுழைவை அமைத்துக்கொடுத்து, கடிதத்தை அவரே ஏற்றுமாறு விட்டுவிட்டுத் திண்ணையிற் தேநீர் அருந்தியிருந்தாராம். அவ்வாண்டு ஐந்து நேர்முகங்கள் வந்தன; இடமும் வந்தது. யூலை முதலாந் திகதி வேலையிற் சேர்ந்தான். நிபுணர் அவனைப் பற்றி என்ன எழுதினார் என்பது எமக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.